சூடு போகும் வழி

மடிக்கணினி எதையும் குளிர்விப்பதில்லை. அதன் அடியில் சுழலும் சிறு மின்விசிறி குளிர்ச்சியை உண்டாக்குகிறது என்ற எண்ணம் பரவலாக இருந்தாலும், குளிர்சாதனப் பெட்டியில் உள்ளதைப் போன்ற கம்ப்ரசரோ குளிர்பொருளோ அதற்குள் கிடையாது. தனக்குள் பிறக்கும் சூட்டை அருகிலிருக்கும் காற்றின்மேல் தள்ளிவிடுவது ஒன்றே அதனால் இயலும். ஆகவே அறையின் வெப்பநிலைக்குக் கீழே அந்தக் கருவி இறங்க முடியாது என்பதும், அறை 38 டிகிரி செல்சியஸில் இருந்தால் அந்த 38-க்கு மேல்தான் அதன் கணக்கே தொடங்கும் என்பதும், காவிரிப் படுகையின் கோடையைப் பற்றிப் பேசும்போது முதலில் மனத்தில் கொள்ள வேண்டியவை. சித்திரை பிற்பாதியில் தொடங்கி வைகாசி நடுவரை நீளும் அக்னி நட்சத்திர நாட்களில், ஆற்றில் நீரின்றி மணல் மட்டும் காய்ந்துகிடக்க, திருவையாற்றின் பகல் வெப்பம் 38, 40 என்று ஏறி நிற்பது வழக்கம். மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்னர் ஆற்றங்கரைக் காற்றிலும் பெரிதாகக் குளுமையை எதிர்பார்ப்பதற்கில்லை.

இப்பகுதியின் வீடுகளுக்குள் மடிக்கணினி பெருவாரியாக நுழைந்தது பள்ளிக்கூடத்தின் வழியாகவே. 2011 செப்டம்பர் 15 அன்று, அண்ணா பிறந்தநாளில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின்கீழ், எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம் கொள்முதல் செய்த கணினிகள் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவிபெறும் பள்ளிகளிலும் படித்த மாணவர்களுக்கு ஆண்டுதோறும் வழங்கப்பட்டன; உழவர் வீடுகளிலும் கூலித் தொழிலாளர் வீடுகளிலும் முதல் கணினி அதுவாகவே இருந்தது. பின்னர் சில ஆண்டுகள் நின்றுபோன இந்த வழங்கல், 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தரப்படும் என்ற 2025 மார்ச் வரவு செலவுத் திட்ட அறிவிப்பால் மீண்டும் உயிர்பெற்றது. 2011-இல் மடிக்கணினித் திட்டம் தொடங்கப்பட்ட அதே நாளில், மிக்சி, கிரைண்டர், மின்விசிறி ஆகியவற்றை வழங்கும் திட்டமும் தொடங்கப்பட்டது. ஒரே வீட்டுக்கு அடுத்தடுத்து வந்து சேர்ந்த மின்விசிறிக்கும் மடிக்கணினிக்கும் இடையே ஓர் உறவு உண்டென்று திட்டம் தீட்டியவர்கள் எண்ணியிருக்க வாய்ப்பில்லை. ஆனால் அந்த உறவு மெய்யானது, அது பின்னர் விளங்கும்.

மின்சாரத்திலிருந்து மடிக்கணினி எடுக்கும் ஆற்றல், திரையின் ஒளியாகவும் ஒலிபெருக்கியின் ஓசையாகவும் கசியும் சிறு பங்கைத் தவிர, அப்படியே கருவிக்குள் வெப்பமாகிவிடுகிறது. 30 வாட் எடுத்துக்கொள்ளும் கணினி ஏறத்தாழ 30 வாட் அளவுக்குச் சூடேற்றும் என்பதே இதன் பொருள். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதர் சுமார் 100 வாட் வெப்பத்தை வெளிவிடுகிறார் என்பதோடு ஒப்பிட்டால் 30 வாட் பெரிதாகத் தோன்றாது. மனிதருக்கு அந்த வெப்பத்தை வெளியேற்ற உடல் முழுவதும் தோல் இருக்கிறது. கணினியிலோ, கணக்கீடுகளைச் செய்யும் பிராசசர் என்ற சிலிக்கான் சில்லு விரல்நகம் அளவேயான பரப்பிலிருந்து அவ்வளவையும் வெளிவிட வேண்டியிருக்கிறது. சிக்கல் வெப்பத்தின் அளவில் இருப்பதைவிட, அது பிறக்கும் இடத்தின் சிறுமையில்தான் அதிகம் இருக்கிறது.

அந்தச் சில்லிலிருந்து வெளிக்காற்று வரை சூடு செல்லும் பாதையில் நான்கு கட்டங்கள் உண்டு. சில்லின்மேல் அழுத்தி வைக்கப்பட்ட செம்புத் தகட்டுக்கும் சில்லுக்கும் நடுவே, கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளங்களில் காற்று தங்கிவிடாதபடி, தெர்மல் பேஸ்ட் எனப்படும் பசை தடவப்பட்டிருக்கும். செம்பைக் காட்டிலும் காற்று பல்லாயிரம் மடங்கு மோசமான வெப்பக்கடத்தி என்பதால், மயிரிழையளவு காற்றுப் படலமும் பெருந்தடை ஆகிவிடும். செம்புத் தகட்டிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்வது ஹீட் பைப் எனப்படும் தட்டையான குழாய். பார்வைக்குத் திடமான செம்புக் கம்பி போலத் தோன்றும் அது உண்மையில் உள்ளீடற்றது. காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு மிகச் சிறிதளவு நீரை விட்டு இருமுனையும் அடைக்கப்பட்டிருப்பதால், அந்த நீர் 100 டிகிரியை எட்டாமலேயே சூடான முனையில் ஆவியாகி, மறுமுனைக்குப் பாய்ந்து, அங்கே குளிர்ந்து நீராகி, உட்சுவரில் பதித்திருக்கும் நுண்ணிய செம்புத்தூள் படலம் வழியாக மீண்டும் ஊர்ந்து திரும்புகிறது. அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தில் 1963-இல் ஜார்ஜ் குரோவர் விண்வெளிப் பயன்பாட்டை மனத்தில் வைத்து உருவாக்கிய இந்த ஏற்பாட்டில் மோட்டார் இல்லை, வால்வு இல்லை, தேய்ந்துபோக எதுவுமில்லை. மடிக்கணினிக்குள் இருக்கும் பொருள்களில் வியப்பதற்கு உரியது இதுவே என்று சொல்லலாம். குழாயின் மறுமுனை, ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளியுள்ள மெல்லிய தகட்டு வரிசை ஒன்றில் செருகப்பட்டிருக்கும். அடிப்பக்கத் துளைகள் வழியாகக் காற்றை இழுக்கும் மின்விசிறி, அந்தத் தகடுகளுக்கு ஊடாக அதை ஊதிப் பக்கவாட்டிலோ பின்புறத்திலோ வெளியேற்றுகிறது.

இந்தப் பாதை எவ்வளவு எளிதாக வெப்பத்தை விடுகிறது என்பதை ஒரே எண்ணால் குறிக்கலாம். 30 டிகிரி அறையில் ஒரு பிராசசர் 25 வாட் செலவிடும்போது 80 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 25 வாட்டுக்கு 50 டிகிரி ஏற்றம். அதாவது வாட் ஒன்றுக்கு 2 டிகிரி. பல பிராசசர்கள் 95 அல்லது 100 டிகிரியை எட்டியதும், கருகிப்போகாமல் தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்படி அமைக்கப்பட்டவை. கோடையில் கணினி மெதுவாகிவிட்டது என்று பலரும் சொல்வதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தத் தற்காப்புதான். எல்லை 100 டிகிரி என்று கொண்டால், 30 டிகிரி அறையில் அந்தக் கணினி 35 வாட் வரை செலவிடலாம். 40 டிகிரி அறையில் 30 வாட் வரை செலவிடலாம். கத்திரி வெயில் பறித்துக்கொள்வது 5 வாட் மட்டுமே. இனி அதே கணினியின் தகட்டு வரிசையில் தூசி அடைத்து, வாட் ஒன்றுக்கு 2 டிகிரி என்பது 3 டிகிரியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 40 டிகிரி அறையில் அது 20 வாட்டைத் தாண்ட முடியாது. மார்கழி, தை மாதத்தின் 30 டிகிரி பகலிலும் 23 வாட்டுக்கு மேல் போகாது. அடைபட்ட கணினியின் மார்கழி, தூய கணினியின் அக்னி நட்சத்திரத்தைவிட மோசமானது என்று இந்தச் சிறு கணக்கு காட்டுகிறது. வெயிலைப் பழிப்பவர்கள் கருவியின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பது அரிது.

தூசி என்று வரும்போது காவிரிப் படுகைக்குத் தனித்தன்மை உண்டு. புரட்டாசி, ஐப்பசியில் குறுவை அறுவடையும், தை, மாசியில் சம்பா, தாளடி அறுவடையும் நடக்கும் நாட்களில், அறுவடை இயந்திரம் வயலில் எழுப்பும் தூசி, களத்தில் பறக்கும் பதர், சாலையோரங்களில் பரப்பிக் காயவைத்த நெல்லின்மேல் வண்டிகள் ஏறிச் செல்லும்போது கிளம்பும் தூள், வைக்கோல் கட்டுகளிலிருந்து உதிரும் துரும்பு ஆகியவை எல்லாம் ஒன்றுசேர்ந்து ஊர் முழுவதும் மிதக்கும். தொட்டால் அரிக்கும் நெல் சுணை இவற்றில் கொடியது. நெல்லின் உமியில் சிலிக்கா மிகுதி. உமியை எரித்தால் மிஞ்சும் சாம்பலில் பெரும்பகுதி அதுவே. மணலின் மூலப்பொருளும் சிலிக்காதான் என்பதால், சுணையும் உமித்தூளும் விசிறியின் அச்சுக்குள் புகுந்தால் அதைத் தேய்த்துவிடும் என்பதை ஊகிப்பது கடினமன்று. தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் நடத்தும் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில், தூற்றும் இயந்திரம் ஓடும் இடத்திலிருந்து சில அடி தள்ளி வைத்த கணினியில் பதிவு செய்வோரால் இதைவிடக் கடுமையான சூழல் ஒன்றைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது.

பயன்பட்டுப் பழகிய மடிக்கணினி ஒன்றின் அடிமூடியைக் கழற்றினால் முதலில் ஏமாற்றமே மிஞ்சும். பலகையின்மேல் மெல்லிய சாம்பல் நிறப் பூச்சும், விசிறி இறக்கைகளின் ஓரத்தில் கோடுபோல் ஒட்டிய தூசியும் தவிரப் பெரிதாக எதுவும் தெரியாது. அடைப்பு இருப்பது கண்ணுக்குப் படாத இடத்தில்: விசிறியின் கூட்டைத் திறந்து, இறக்கைகளுக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவே பார்த்தால், படுக்கை விரிப்பின் பஞ்சு, தலைமுடி, வைக்கோல் துரும்பு ஆகியவை பின்னிப் பிணைந்து தகடுகளின் உட்புற வாயை முழுநீளத்துக்கும் மூடியிருக்கும். குச்சியால் ஒரு முனையைத் தூக்கினால் கிழியாமல் ஒரே துண்டாக உரிந்து வரும் அந்தப் படலம், வெளிப்புறத் துளையில் டார்ச் அடித்துப் பார்த்தாலும் தெரியாதபடி உள்ளே ஒளிந்திருப்பதால்தான், வெளியிலிருந்து துடைப்பதால் பயன் கிடைப்பதில்லை. வெளியிலிருந்து ஊதினால் படலம் சற்றே பின்வாங்கி, விசிறி மீண்டும் சுழன்றதும் பழைய இடத்திலேயே வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதைச் சுத்தம் செய்யச் சிலர் பஞ்சர் கடையின் கம்ப்ரசரை நாடுவதுண்டு. அந்தக் காற்றின் அழுத்தம் தேவைக்கு மிகுதி என்பதோடு, கம்ப்ரசர் தொட்டியில் தேங்கும் நீர்த்திவலையும் எண்ணெய்ப் பிசுக்கும் கலந்தே வருவதால், தூசியோடு கணினியும் போய்விடக்கூடும். மென்மையான தூரிகையும் கையால் அழுத்தி ஊதும் சிறு ரப்பர் ஊதியும் போதும்; ஊதும்போது விசிறி தாறுமாறாகச் சுழன்று அச்சு பழுதாகாமல் இருக்க, இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். கணினியை நிறுத்தி, சார்ஜரைக் கழற்றி, திறந்தவுடன் பேட்டரியின் இணைப்பையும் நீக்கிய பின்னரே மற்ற எதையும் தொடலாம். செம்புத் தகட்டைக் கழற்ற நேர்ந்தால் பழைய பசையைத் துடைத்துவிட்டுப் புதிதாக இடுவது கட்டாயம். அதற்கான அளவை உலகெங்கும் பழுதுநீக்குவோர் ‘ஓர் அரிசி’ என்றே சொல்கிறார்கள். தஞ்சை வட்டாரத்தில் அது எந்த அரிசி என்ற கேள்வி எழுவது இயல்பு, சீரகச் சம்பாவில் தொடங்கி இட்லி அரிசிவரை எதுவானாலும் தவறில்லை, ஏனெனில் மிகுதியான பசையைத் தகட்டின் அழுத்தமே பிதுக்கி வெளியேற்றிவிடும். அறுவடை முடிந்த மாசியிலோ பங்குனியிலோ, கோடைக்கு முன்பாக ஒருமுறை இதைச் செய்துவிடுவது இப்பகுதிக்குப் பொருந்திய காலக்கணக்கு. கழற்றிப் பூட்டத் துணியாதவர்கள் சர்வீஸ் கடையில் கொடுக்கலாம். ‘விசிறிக் கூட்டைத் திறந்து தகட்டு வரிசையின் உட்பக்கத்தைச் சுத்தம் செய்யவும்’ என்று குறிப்பாகக் கேட்பது நல்லது.

கருவிக்கு வெளியே உள்ள காற்றைப் பற்றியும் ஒரு தெளிவு வேண்டும். மனிதர் உணரும் புழுக்கமும் கணினி உணரும் வெப்பமும் ஒன்றல்ல. மனித உடல் வியர்வையை ஆவியாக்கிக் குளிர்கிறது. காற்றில் ஈரம் மிகுந்தால் வியர்வை உலராது, அதனால் 31 டிகிரியில்கூட ஆவணி இரவு தாங்க முடியாததாகிவிடுகிறது. கணினிக்கு வியர்வை கிடையாது. அதற்கு அந்தப் புழுக்கமான ஆவணி இரவு வசதியானது. வறண்டு கிடக்கும் 40 டிகிரி மே மாதப் பகலே துன்பம். சீலிங் ஃபேன் காற்றின் வெப்பநிலையை ஒரு டிகிரிகூடக் குறைப்பதில்லை என்றபோதிலும், கணினியைச் சூழ்ந்து தேங்கும் சூடான காற்றை அகற்றும் வேலையை அது செய்கிறது. பக்கத்தில் வைத்த மேசை மின்விசிறி இதை இன்னும் நன்றாகச் செய்யும். கணினியின் சூடான காற்று எந்தப் பக்கம் வெளியேறுகிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்தில், அதே திசையில் வீசும்படி வைத்தால் போதும். கடைகளில் விற்கும் கூலிங் பேட் என்ற விசிறித் தட்டு, அதன் விசிறிகள் கணினியின் அடித்துளைகளுக்கு நேராக அமைந்தால் மட்டுமே பயன்தருவது. அரசு கொடுத்த பழைய மின்விசிறி வீட்டிலிருக்கும்போது அதற்குப் பணம் செலவிடத் தேவையில்லை என்பதே நியாயமான முடிவு.

அதைவிட எளியது கணினியின் பின்விளிம்பை ஓர் அங்குலம் உயர்த்துவது. படுக்கையிலும் தலையணையிலும் வைத்தால் அடித்துளைகள் முழுவதும் மூடிக்கொள்ளும். தரையில் விரித்த கோரைப்பாயும் விசிறிக்கு நேரே துரும்புகளைக் கொடுப்பதால் ஏற்றதன்று. தரையில் அமர்ந்து வேலைசெய்யும் வழக்கமுள்ள வீடுகளில் ஒரு மணைப்பலகை போதும். நெல் மண்டிகளில் கணக்குப்பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து எழுதப் பயன்படுத்திய, முன்புறம் தாழ்ந்து பின்புறம் உயர்ந்த சாய்வு மேசை எங்கேனும் பரணில் கிடந்தால், மடிக்கணினிக்கென்றே செய்ததுபோல அது அமையும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் வெயிலையும் கூரையையும் கணக்கில் எடுக்க வேண்டும். உச்சி வெயில் ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஏறத்தாழ 1000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. 36 சென்டிமீட்டர் நீளமும் 24 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட மடிக்கணினியின் மூடி அதில் 80 வாட்டுக்கு மேல் ஏந்திக்கொள்ளும், மூடி கருநிறமாக இருந்தால் பெரும்பகுதியை உள்வாங்கியும் கொள்ளும். பிராசசர் உண்டாக்கும் சூட்டைவிட இது பன்மடங்கு என்பதால், மேற்கு பார்த்த திண்ணையில் பிற்பகலில் திறந்துவைத்த கணினி, அணைந்திருந்தாலும் சுடும். கான்கிரீட் தளமோ பகல் முழுவதும் வாங்கிய வெயிலை இரவு ஒன்பது, பத்து மணிவரை மாடி அறைக்குள் இறக்கிக்கொண்டே இருக்கும். மாணவர்கள் படிக்க உட்காரும் நேரமும் அதுவே. நாட்டு ஓடு வேய்ந்து, நடுவில் முற்றம் திறந்து, சூடான காற்று தானே மேலேறிப் போகும்படி கட்டிய பழைய அக்கிரகார வீடுகளின் கூடம், இந்த வகையில் புதிய மாடி அறைகளைக் காட்டிலும் கணினிக்கு நட்பானது. மாடி அறையைத் தவிர வேறில்லாதவர்கள், வீடியோ தொகுப்பு போன்ற கனமான வேலைகளை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

குளிர்ச்சியைத் தேடி மறுஎல்லைக்குப் போவதும் தவறு. ஈரத்துணியை அடியில் விரிப்பது, ஐஸ் நிரப்பிய பையின்மேல் வைப்பது போன்ற கைவைத்தியங்கள் நீரைத் துளைகளுக்கு அருகே கொண்டுவருகின்றன. தண்ணீர் ஊற்றி ஓடும் ஏர் கூலர், டெல்டாவில் காற்று ஏற்கெனவே ஈரமாக இருக்கும் நாட்களில் அறையை அதிகம் குளிர்விக்காமல் ஈரத்தை மட்டும் கூட்டும். குளிரூட்டிய அறையில் 22 டிகிரியில் வெகுநேரம் இருந்த கணினியை மழைக்காலத்தில் நேரே வெளியே எடுத்து வந்து திறந்தால், குளிர்ந்த டம்ளரின் வெளிப்புறம் வியர்ப்பது போலவே அதன் உள்ளும் புறமும் நீர் பூக்கும். பைக்குள்ளேயே அரைமணி நேரம் விட்டு, வெளிச்சூட்டுக்குப் பழகிய பின் திறப்பதே முறை.

சூட்டை வெளியேற்றுவது ஒருபுறமிருக்க, உண்டாகும் சூட்டையே குறைப்பது மற்றொரு வழி. தியாகராஜர் ஆராதனையால் உலகறிந்த திருவையாற்றில், அரசு இசைக்கல்லூரியும் இருக்கும் ஊரில், இந்த வழிக்குத் தனிப் பொருத்தம் உண்டு. 2020-இன் பொதுமுடக்கத்துக்குப் பின் இணையவழி இசைவகுப்பு பரவலாகிவிட்டது. வீடியோ அழைப்பு, கேமராப் படத்தை நொடிதோறும் சுருக்கி அனுப்பும் வேலையை இடைவிடாமல் செய்வதால், பாடம் தொடங்கிச் சிறிது நேரத்தில் விசிறி உயர்வேகத்தில் இரைய, அந்த இரைச்சலைத் தம்புராவின் சுருதியோடு சேர்த்தே மைக் பிடித்துக்கொள்கிறது. விண்டோஸ் இயங்குதளத்தின் மின்சேமிப்பு அமைப்பில், பிராசசரின் உச்ச நிலையை 100 விழுக்காட்டிலிருந்து 99-ஆக மாற்றினால், தேவைக்கு மேல் வேகமெடுக்கும் டர்போ என்ற நிலை பல கணினிகளில் நின்றுவிடும். ஒரு விழுக்காடு குறைத்ததற்கு இவ்வளவு சூடு தணிவது கணக்கில் பொருந்தாததுபோல் தோன்றினாலும், டர்போ நிலையில் கடைசிச் சிறு வேகத்துக்கே மின்னழுத்தமும் அதனால் வெப்பமும் அளவுக்கு மீறி ஏறுகின்றன என்பதே விளக்கம். எதிரிலிருப்பவருக்கு ஒலியே முக்கியம் என்னும்போது வீடியோவின் தரத்தைக் குறைத்துக்கொள்வதும் உதவும். கோர் டெம்ப் போன்ற இலவச மென்பொருள் பிராசசரின் வெப்பநிலையை எண்ணில் காட்டுவதால், எந்த மாற்றம் பயன் தந்தது என்பதை ஊகிக்காமல் பார்த்தே அறியலாம்.

பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ளத் தெரிந்தது. பேட்டரிக்கு அந்த அளவு திறன் கிடையாது. லித்தியம் அயன் பேட்டரிக்குள் நிகழும் வேதிச்சிதைவு சூட்டால் விரைவுபடும். நிறைய சார்ஜ் இருந்தால் மேலும் விரைவுபடும். முழுச் சார்ஜோடு 40 டிகிரியில் ஓராண்டு கிடக்கும் பேட்டரி தன் கொள்ளளவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழக்கக்கூடும். பாதிக்குச் சற்றுக் குறைவான சார்ஜில் 25 டிகிரியில் வைத்திருந்தால் இழப்பு ஐந்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். கோடை விடுமுறையில் முழுச் சார்ஜ் ஏற்றி, துணியில் சுற்றி, மாடி அறையின் இரும்பு பீரோவில் பத்திரமாகப் பூட்டிவைப்பது, பேட்டரியைக் கெடுக்க நினைப்பவர் செய்யக்கூடிய அனைத்தையும் ஒருங்கே செய்வதாகும். எப்போதும் சார்ஜரிலேயே ஓடும் கணினியில், 80 விழுக்காட்டோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்தலாம்.

முதுமையடைந்த பேட்டரிக்குள் வாயு சேர்ந்து அது உப்பும்போது முதல் அறிகுறி விசைப்பலகைக்குக் கீழேயுள்ள டச்பேடில் தெரியும். பல கணினிகளில் பேட்டரி அதற்கு நேர் அடியில் இருப்பதால், டச்பேட் சற்று மேலெழும், அழுத்தினால் சொடுக்காது. அந்நிலையில் கணினியை உடனே நிறுத்தி, பேட்டரியைக் குத்தவோ அழுத்தவோ செய்யாமல், தெரிந்தவரிடம் கொடுத்து அகற்ற வேண்டும். 2006 ஆகஸ்டில் டெல் நிறுவனம், சோனி தயாரித்த 41 லட்சம் மடிக்கணினி பேட்டரிகளைத் தீப்பற்றும் அபாயம் கருதித் திரும்பப் பெற்றது. அது உற்பத்திக் குறையால் நேர்ந்தது, ஆனால் உள்ளே அடைபட்டிருக்கும் ஆற்றல் எத்தகையது என்பதை உலகம் அப்போது கண்டது. அரசு வழங்கிய தொடக்ககால மடிக்கணினிகளில் ஒரு வசதி உண்டு: அவற்றில் பலவற்றின் பேட்டரி, அடியிலிருக்கும் தாழ்ப்பாளை நகர்த்தினால் கையோடு வந்துவிடும். செத்துப்போன பேட்டரியை எடுத்துவிட்டுச் சார்ஜரில் மட்டும் ஓட்டினால், கரண்ட் போனதும் கணினியும் அணைந்துவிடும் என்ற குறையைத் தவிர, அவை இன்றும் கடிதம் தட்டச்சு செய்யவும் நெல் கணக்கு எழுதவும் போதுமானவை.